சாப்பாட்டு மேசையில் போட்ட எல்லைக்கோடு

தவறு கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். டெல்லியில் மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாக, மற்றவர்கள் எழுதிய கோப்புகளைப் படித்து, எண் மாறிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். செக்‌ஷனில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. என்னவென்று யாரும் சொன்னதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதை வைத்து, நல்ல பெயராக இருக்காது என்று யூகித்து வைத்திருக்கிறேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறு எப்படிப்பட்டது என்று புரிய வேண்டுமானால், செய்தவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் கிராமத்தில். நான் பரீட்சை எழுதி டெல்லிக்கு வந்துவிட்டேன். என்னைவிட நாலு வயது இளைய தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனான். இப்போது சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறான். கூட நாலு பேர் போவார்கள். சுக்கான் மட்டும் எப்போதும் அவன் கையில்தான். முப்பது வருஷத்துக்கு மேலான கடல் பழக்கம். ஆனாலும் எந்த முடிவு எடுப்பதானாலும் எனக்கு ஒரு போன் போட்டுவிடுவான். இன்ஜினை மாற்றலாமா, மகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம், எதுவானாலும் சரி. நானும் யோசிக்காமல் சொல்வேன். இன்ஜினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவனும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

ஒரு மே மாதம் அவன் டெல்லிக்கு வந்தான். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கட்டிப்போடச் சொல்லியிருக்கிறது அரசாங்கம். அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு ஓய்வு. மே மாதத்தில் டெல்லியைச் சுற்றிப் பார்க்க வருகிறவனை என்ன செய்வது. துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அவன் வந்து இறங்கிய அன்று நாற்பத்துநாலு டிகிரி. கூடவே இரண்டு கிலோ கருவாடு கொண்டுவந்திருந்தான். அன்று மத்தியானமே சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில், மூன்றாவது மாடியில் எங்கோ சாக்கடை அடைத்திருக்கிறது, ஜல்தி ஆள் அனுப்புங்கள் என்று செய்தி வந்தது. நான் கட்டைவிரலை உயர்த்தி ஒப்புதல் தெரிவித்தேன்.

கருவாட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்று சுற்றி, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதுதான் அவனுடைய பாயிண்ட் நோட்டு. கடலில் மீன் தங்கும் பாறைத் திட்டுகள், வலையைக் கிழித்துவிடும் மூழ்கிய படகுகள், எல்லாவற்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண் போட்டு எழுதி வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தில், இலங்கைக்கும் நமக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டின் எண்கள். இந்த நோட்டைக் கூடப்பிறந்தவர்களுக்குக்கூடக் காட்டமாட்டார்கள் எங்கள் ஊரில். அவன் எனக்குக் காட்டினான்.

"போட்டுல இருக்குற ஜிபிஎஸ்ஸு திரை வெளுத்துப்போச்சுக்கா. வெயில்ல ஒண்ணுமே தெரியல. இப்பல்லாம் டாப்லெட்ட வச்சு ஓட்டுறாங்க. மேப்பு, நம்ம இருக்குற எடம் எல்லாம் பெருசா காட்டுது. நீ பாத்து ஒண்ணு ரெடி பண்ணிக் குடு."

என் மகள் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த டாப்லெட் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சிம் போடுகிற வகை. அவள் அதில் நெட் இல்லாமலே வேலை செய்கிற ஒரு கடல் வரைபட ஆப்பை ஏற்றினாள். பாயிண்ட்களையும் தானே போட்டுத் தருகிறேன் என்றாள். டெல்லியில் பிறந்த பெண், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் தமிழில் பெயர் இருந்தது. அதைவிட முக்கியம், எண்களை இன்னொருவர் கையில் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நகரு என்றேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். தம்பி படிக்கப் படிக்க நான் தட்டினேன்.

"பத்து பதினெட்டு இருநூத்தி நாப்பது. எண்பது மூணு நூத்திப் பத்து."

நோட்டில் அவன் 10-18-240 என்று நடுநடுவே கோடு போட்டு எழுதியிருந்தான். ஆப்பில் இருந்த கட்டத்திலோ, ஒரே ஒரு புள்ளி வைத்த எண்ணைத்தான் போட முடிந்தது. என் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள். "அம்மா, யே டேஷ் க்யா ஹை? மாமா எதுக்கு டேஷ் போட்டிருக்கார்?"

"மாமா எட்டாங்கிளாஸ். கேள்வி கேக்காம சார்ஜர எடுத்துட்டு வா."

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். கோடு போட்டிருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, 10.18240 என்று ஒழுங்காகத் தட்டினேன். இருபத்தெட்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

எழுபத்திரண்டு பாயிண்ட்கள். இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். எழுபத்திரண்டாவது முடிந்ததும் தம்பி டாப்லெட்டைக் கையில் வாங்கி, விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நம்ம முகத்துவாரம் வயக்காட்டுல விழுதே."

பார்த்தேன். படகுகள் ஆற்றிலிருந்து கடலுக்குள் நுழைகிற இடம், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, நெல் வயலில் நின்றது. நான் தட்டியதை நோட்டோடு ஒப்பிட்டேன். எண்ணுக்கு எண் சரியாக இருந்தது.

"நீதான் நோட்டுல தப்பா எழுதி வச்சிருக்க," என்றேன்.

"அது இருவது வருஷமா இருக்குற பாயிண்ட்டுக்கா."

"இருபது வருஷமாத் தப்பா இருக்கு. உனக்கு முகத்துவாரத்துக்குப் போறதுக்கு மேப்பு வேணுமா? இல்ல, அதுவே மறந்துபோற வயசாயிடுச்சா?"

அந்த ஒரு பாயிண்டை அழித்துவிட்டேன். நோட்டிலும் பென்சிலால் அதற்கு ஒரு வட்டம் போட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கருவியைச் சோதித்துப் பார்க்க மெட்ரோவில் கிளம்பினோம். தம்பி இரண்டு கையாலும் டாப்லெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். துவாரகாவிலிருந்து ஜனக்புரி, ஜனக்புரியிலிருந்து கரோல் பாக் என்று, நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி பிசகாமல் நகர்ந்தது. கடலுக்கான ஆப் என்பதால் டெல்லி முழுவதும் ஒரே மஞ்சளாக, பெயர் இல்லாமல், தரை என்று மட்டும் காட்டியது. பக்கத்தில் இருந்த பெரியவர், இது என்னப்பா என்று இந்தியில் கேட்டார். போட் என்றான் தம்பி. பெரியவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். யமுனையைத் தாண்டும்போது தம்பி கண்ணாடி வழியே கீழே பார்த்தான். "இது தண்ணியாக்கா?" என்றான். ஒரு காலத்தில் என்றேன்.

அம்புக்குறி சரியாக இருந்தது. டெல்லியில் அதை மட்டும்தான் சோதிக்க முடியும். நான் போட்ட பாயிண்ட்களைச் சோதிக்கக் கடல் வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது அவன் ரயிலேறினான். டாப்லெட்டைப் பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்று சுற்றி, பெட்டிக்குள் நோட்டுக்கு மேலே வைத்தான். ஜூன் மாதம் முதல் தடவை கடலுக்குப் போய்வந்ததும் போன் செய்தான். எப்படி இருக்கிறது கருவி என்று கேட்டேன்.

"நல்லா வேலை செய்யுதுக்கா."

"மீன்?"

"மீன் இல்ல."

மீன் இல்லாமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். அவன் கருவியைப் பாராட்டியதை மட்டும் எனக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டேன். செக்‌ஷனில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவனிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால், நல்லா இருக்கேன் என்பான், வைத்துவிடுவான். பிறகு ஒரு நாள் காலை அவன் மனைவி கூப்பிட்டாள். நான் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அவுரு கடலுக்குப் போறதில்ல. உங்களுக்குச் சொல்ல வேண்டாமுன்னாரு."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மொத தடவ போனப்ப பாயிண்ட் கெடைக்கல. வழக்கமாப் போற எடம் எதுலயும் பாறையக் காணோம், மீனக் காணோம். தேடிக்கிட்டே தெக்க போயிட்டாங்க. மேப்புல எல்லைக்கோடு இன்னும் தள்ளித்தான் இருந்துச்சாம். ஆனா எதிர்ல சிலோன் நேவி கப்பலு நிக்குதாம். அவுங்க பாக்குறதுக்குள்ள திருப்பிக்கிட்டு வந்தாங்க. பிடிச்சிருந்தா அஞ்சு பேரும் அங்க ஜெயில்ல இருந்திருப்பாங்க. கூடப் போனவங்க சண்ட போட்டாங்க. இவுரு, கடல் எனக்கு மறந்துபோச்சுன்னு சொல்லி சுக்கான வேற ஆள்ட்ட குடுத்துட்டாரு."

கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனாளாம். கண் நன்றாக இருக்கிறதாம். காலையில் எழுந்து கரையில் போய், வலைக் கொட்டகையில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறானாம். படகை விற்றுவிடலாம் என்கிறானாம். வெள்ளிக்கிழமை வேதாரண்யத்திலிருந்து ஆள் பார்க்க வருகிறது.

அவன் என்னைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"ஐம்பது வயசு ஆகப் போவுது. போதும்னு அவனுக்கே தோணியிருக்கு. வித்துட்டு நிம்மதியா இருக்கட்டும்," என்றேன். டப்பாவை மூடிக்கொண்டு மெட்ரோ பிடிக்கக் கிளம்பினேன்.

அன்று புதன்கிழமை. செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், அலுவலகக் கார் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மாதக் கணக்கைக் கொண்டுவந்து வைத்தான். கம்ப்யூட்டரில் கூட்டியிருந்தான். கூட்டுத்தொகை உதைத்தது. பார்த்தால், ஏழரை மணி நேரம் ஓடிய நாளுக்கெல்லாம் 7.30 என்று அடித்து வைத்திருக்கிறான். எனக்கு இது போதும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். நான் கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்து மேசைகளில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிடும்.

"பேட்டா, ஏழரை மணிக்கு ஏழு புள்ளி முப்பதா? ஒரு மணிக்கு நூறு நிமிஷமா உங்க வீட்டுல? அறுபது நிமிஷம். அரை மணின்னா புள்ளி அஞ்சு. யே தோ பச்சா பி ஜான்தா ஹை," என்று இந்தியில் வெளுத்து வாங்கினேன். குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று சொல்லி முடித்து, பென்சிலை எடுத்து, 7.30க்கு மேலே வட்டம் போட்டேன்.

வட்டம் பாதியில் நின்றது.

பையன், இன்னும் திட்டப்போகிறேன் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தான். போ என்று கை காட்டினேன்.

ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். கடல்காரர்கள் பத்து பதினெட்டு என்று சொல்வது, பத்து மணி பதினெட்டு நிமிடம் என்பது மாதிரி. கோடு போட்டுப் பிரித்து எழுதுவது அதனால்தான். தம்பி சரியாகத்தான் எழுதியிருந்தான், சரியாகத்தான் படித்தான். நான் அந்தக் கோட்டை அழித்துப் புள்ளி வைத்து, அறுபதை நூறாக்கிவிட்டேன். போனில் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒரு பழைய கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து பதினெட்டு ஏழு மைல் தெற்கே போயிருந்தது. முகத்துவாரம் மேற்கேயும் தள்ளிப் போய் வயலுக்குள் நின்றது அதனால்தான். எழுபத்திரண்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிப் பக்கத்து எல்லைக்கோடும் அப்படியே. இரண்டு நாட்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசிப் போட்ட கோட்டை, துவாரகாவில் சாம்பார் கறை படிந்த மேசையில் வைத்து, நான் ஓர் இடத்தில் இரண்டு மைலும் இன்னோர் இடத்தில் இருபது மைலும் தெற்கே தள்ளியிருந்தேன். என் கையெழுத்தோ மேலதிகாரி ஒப்புதலோ இல்லாமல் நான் அனுப்பிய ஒரே உத்தரவு அதுதான்.

மகளுக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, அரை மணி நேர வேலை, நான் சரியான எண்களை ஃபைலாக அனுப்பிவிடுகிறேன், மாமா டாப்லெட்டில் அதைத் தொட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றாள். பிறகு மெதுவாக, "ஆப்ல பக் இருந்துச்சுன்னு சொல்லிடு அம்மா. நீ பண்ணினேன்னு எதுக்குச் சொல்லணும்," என்றாள்.

பொய் சொல்லக்கூடாது என்று அவளை நான் திட்டியிருக்க வேண்டும். அச்சா, யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன். ஆப்பில் கோளாறு என்றால் எல்லோருக்கும் நல்லது. தம்பி படகை விற்கமாட்டான். நான் தப்பே செய்யாத அக்காவாகவே இருக்கலாம். படிக்கட்டுக்குப் போய், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவனைக் கூப்பிட்டேன்.

கொட்டகையில்தான் இருந்தான். காற்றுச் சத்தம் கேட்டது.

"அந்த டாப்லெட்ல ஒரு கோளாறுடா," என்று ஆரம்பித்தேன்.

"கருவி மேல பழி போடாதக்கா. அது நல்லாத்தான் இருக்கு. துறைமுகத்துல வேற போட்டுக்காரங்ககிட்டயும் காட்டிட்டேன். அம்பு சரியாத்தான் நிக்குதாம். கோளாறு எனக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னைக்கி என்ன நடந்துச்சு தெரியுமா? நான் எப்பவும் கிழக்க திருப்புற எடத்துல அது தெக்க போவச் சொல்லுச்சு. மனசு கிழக்கங்குது. பாயிண்டுக்கு வந்து பாத்தா, பன்னெண்டு பாகம் ஆழம் இருக்க வேண்டிய எடத்துல எட்டுத்தான் இருக்கு. தண்ணி நெறமும் வேற. இது நம்ம எடம் இல்லடான்னு தோணுச்சு. ஆனா பாயிண்டு போட்டது நீ. நீ தப்பா போட மாட்ட. அப்ப நம்ம கணக்குத்தான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் அர மணி நேரம் ஓட்டுனேன். நாலு பேரு புள்ளகுட்டிக்காரங்கள கூட வச்சுக்கிட்டு."

என் பின்னால் யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். போகட்டும் என்று காத்திருந்தேன். போனார்கள். அதற்குமேல் காத்திருக்கக் காரணம் இல்லை.

"தப்பு நான் போட்டதுடா," என்றேன்.

"என்னாக்கா?"

"பாயிண்டு எல்லாம் தப்பு. நோட்டுல நீ சரியா எழுதியிருந்த. நான்தான் மாத்திப்புட்டேன். கோட்ட அழிச்சுப் புள்ளி வச்சேன். எல்லைக்கோடும் தப்பு. முகத்துவாரமும் நீ சொன்னதுதான் சரி. எல்லாம் நான் பண்ணினது."

அழுதுகொண்டேதான் சொன்னேன். படிக்கட்டில் இறங்கி வந்த எங்கள் செக்‌ஷன் பையன் என்னைப் பார்த்து, வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டான்.

தம்பி திட்டட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஐம்பது வருஷத்தில் அவன் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. எப்படித் திட்டுவான் என்றுகூட எனக்குத் தெரியாது.

"அப்ப அன்னைக்கி எனக்குத் தோணுனது சரிதானாக்கா?"

"சரிதான்."

"பன்னெண்டு பாகம்?"

"நீ நெனச்ச எடத்துல பன்னெண்டுதான் இருக்கும்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். "இரு, இவகிட்டயும் சொல்லு," என்று போனை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் மனைவி வந்து போனைக் காதில் வைக்கிறவரை, மூச்சு வாங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவளிடமும் சொன்னேன்.